எல்லாக் கொசுவும் ஒரே கொசுவா?

எங்கள் தோட்டப் பள்ளியில் மேல் வகுப்பு மாணவர்க்கு ஆண்டுதோறும் 'கொசு ஒழிப்பு' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதத் தருவது வழக்கம். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த நாள் முதலாக அக்கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். எழுதும் பிள்ளைகள் மாறுகிறார்கள், கட்டுரை மாறுவதில்லை. 'கொசு சாக்கடையில் முட்டையிடும். அது இரவில் மனிதரைக் கடிக்கும். அதனால் மலேரியா, டிங்கி, யானைக்கால், சிக்குன்குனியா முதலிய நோய்கள் பரவும். ஆகவே அதிகாரிகள் புகை அடித்துக் கொசுவை ஒழிக்க வேண்டும்.' சந்திப் பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழிப்பேன். பொருட்பிழையை விட்டுவிடுவேன். அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான் என்பதுதான் காரணம்.

இந்த நான்கு வாக்கியங்களும் ஒருங்கே பொருந்தக்கூடிய கொசு உலகத்தில் இல்லை. சாக்கடையில் பெருகும் கொசு டிங்கியைப் பரப்புவதில்லை. டிங்கியைப் பரப்பும் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. மலேரியாக் கொசு இவ்விரண்டினின்றும் வேறானது. பிள்ளைகள் எழுதுவதையே பெரியவர்களும் தேநீர்க் கடையில் பேசுகிறோம். சுவரொட்டிகளும் மேடைப் பேச்சுகளும் அதையே திருப்பிச் சொல்கின்றன. ஒரு நூலை எடுத்துத் திறனாய்வு செய்வதுபோல், நம்மிடையே வழங்கும் இந்தக் 'கொசுப் பாட'த்தை எடுத்து ஆராய்ந்து, அதன் குற்றங் குறைகளைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். பிழையான பாடம் மதிப்பெண்ணோடு போவதன்று, உயிரோடு விளையாடுவது.

சொல் ஒன்று, உயிர் பல

கொசு, கொதுகு, நுளம்பு எனத் தமிழில் பெயர் பல உண்டு. ஆயின் அவை ஒரே பொருள் குறித்த பல சொற்களேயன்றி, இனம் பிரித்துக் காட்டும் சொற்கள் அல்ல. மரத்தில் வடிவதைப் பால் என்றும், மங்கில் உறைவதைக் கட்டிப்பால் என்றும், வெட்டுவாயில் காய்வதைக் கோட்டுப்பால் என்றும் பிரித்துப் பேசத் தெரிந்த தோட்டத்து மக்கள், தம்மைக் கடிக்கும் உயிருக்கு ஒரே பெயரோடு நின்றுவிட்டோம். உலகில் 3,500-க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் உள. அவற்றுள் மனிதருக்கு நோய் தருவன மிகச் சிலவே.

என் இளமையில் பள்ளி அலமாரியில் இருந்த கட்டுரைப் பயிற்சி நூல்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. நம் பாடத்திற்கு ஊற்றுக்கண் அவைதாம் என்று நினைக்கிறேன். அங்கே யானைக்கால் நோயைப் பரப்புவது அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு; ஆகவே 'சாக்கடையைத் துப்புரவு செய்க' என்பது அந்நாட்டில் பொருத்தமான அறிவுரை. மலேசியாவிலோ அந்நோயைப் பெரும்பாலும் பரப்பி வந்தது சதுப்பு நீர்ச் செடிகளின் வேரைப் பற்றி வளரும் மான்சோனியா. அங்குள்ள புழு வேறு, இங்குள்ள புழு வேறு, கொசுவும் வேறு. வாக்கியத்தை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, மண்ணைப் பார்க்க மறந்துவிட்டோம்.

இந்த மண் முன்பே கற்பித்த பாடம்

இனம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது புதிய கருத்தன்று. இரானல்டு ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டதற்கு முன்பு, நெடுங்காலம் தகுதியற்ற கொசுக்களை அறுத்து அறுத்து ஏமாந்தார். புள்ளி இறகுடைய அனோபிலிஸ் கைக்கு வந்த பிறகுதான் விடை கிடைத்தது. மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை அவர் ஆராய்ந்தபோது, அதைக் கடத்தியது கியூலெக்ஸ். மனிதரின் கிருமிக்கு ஒரு கொசு, பறவையின் கிருமிக்கு வேறொரு கொசு!

அப்பாடம் நம் முன்னோரின் எலும்பின்மேல் எழுதப்பட்டது மலாயாவில்தான். 1901-இல் கிள்ளான் வட்டாரத்துக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வடித்ததும் கடற்கரைச் சமவெளியில் மலேரியா தணிவதைக் கண்டார். அங்கே நோய் பரப்பிய அனோபிலிஸ் அம்புரோசஸ் நிழலில் தேங்கிய நீரை விரும்புவது. இவ்வெற்றியைக் கொண்டு, காடு வெட்டினால் காய்ச்சல் போகும் என்று எவரும் எண்ணியிருக்கலாம். ஆயின் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டி ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டபோது காய்ச்சல் குறையாமல் மூண்டது. அங்கிருந்த அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடை நீரை நாடுவது. சமவெளியில் உயிர் காத்த கோடரி, மலையில் உயிர் பறித்தது. கப்பலில் வந்திறங்கிய தமிழ்த் தொழிலாளர் எத்தனை பேர் அம்மலைத் தோட்டங்களில் மடிந்தனர் என்பதைப் பழைய இடுகாடுகள் சொல்லும். வாட்சன் 1911-இல் வெளியிட்ட மலேரியா தடுப்பு நூலின் சாரம், எந்த இனம் என்று அறியாமல் மண்வெட்டியை எடுக்காதே என்பதே. நூறாண்டு கடந்தும் நம் கட்டுரை நோட்டில் அப்பாடம் ஏறவில்லை.

கொசுவின் உடம்பில் உள்ள வாசல்கள்

மலேரியாவை விட்டு, வைரஸ் என்னும் நுண்கிருமி நோய்களுக்கு வருவோம். கொசு நோயைக் 'கொண்டு செல்கிறது' என்று நாம் சொல்லும்போது, தபால்காரர் பையில் கடிதம் கொண்டு செல்வது போன்ற ஒரு காட்சி மனத்தில் தோன்றுகிறது. அஃது உண்மையன்று. நோயாளியின் இரத்தத்தோடு கொசுவின் வயிற்றுக்குள் போன கிருமி, முதலில் குடற்சுவரின் உயிரணுக்களுக்குள் நுழைய வேண்டும். நுழைந்து, அங்கே பெருக வேண்டும். பின்பு குடலைக் கடந்து உடற்குழிக்குள் பரவ வேண்டும். இறுதியாக எச்சில் சுரப்பியை அடைந்து, எச்சிலோடு வெளிப்பட வேண்டும். இந்த வாசல்களில் ஒன்று அடைபட்டாலும் கிருமி அங்கேயே மடியும். எய்ட்ஸ் நோய்க்கிருமி கொசுக்கடியால் பரவாமைக்குக் காரணம் இதுவே. அக்கிருமி கொசுவின் உடம்பில் பெருக இயலாது. உணவோடு உணவாய்ச் செரித்துவிடும்.

எல்லா வாசலும் திறந்திருக்கும் நிலையைக் கொசுவின் 'கடத்தும் தகுதி' என்று சொல்வோம். தகுதி மட்டும் இருந்தால் போதாது. அக்கொசு மனிதரை நாடிக் கடிக்கிறதா, எத்தனை நாள் உயிர் வாழ்கிறது, எவ்வளவு பெருகியிருக்கிறது என்பனவும் சேர்ந்தே நோயைப் பரப்புகின்றன. அதனைப் 'பரப்பும் வலிமை' என்று வேறு பெயரிட்டு அழைப்பது நலம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவது நம் பாடத்தின் பெருங்குறைகளுள் ஒன்று.

இதை வகுப்பில் கணக்காகவே போட்டுக் காட்டலாம். டிங்கிக் கிருமி கொசுவின் வயிற்றிலிருந்து எச்சிலை அடைய, நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ 8 முதல் 12 நாள் ஆகும். பத்து நாள் என்று வைத்துக்கொள்வோம். நோயாளியைக் கடித்த கொசுக்கள் 100. நாள்தோறும் பத்தில் ஒன்று சாகிறது என்றால், பத்தாம் நாள் எஞ்சுவன ஏறத்தாழ 35. பத்தில் இரண்டு சாகிறது என்றால் எஞ்சுவன 11 மட்டுமே. நாள்தோறும் பத்தில் ஒரு கொசு கூடுதலாகச் சாவதால் மூன்றில் இரண்டு பங்கு ஆபத்து குறைகிறது. கிருமி பத்து நாளுக்குப் பதில் மூன்றே நாளில் எச்சிலை அடையுமாயின்? பத்தில் இரண்டு செத்தாலும் 51 கொசுக்கள் எஞ்சி நிற்கும். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆயின் அவை காட்டும் உண்மை பெரிது. கொசுவின் தொகை மாறாமலேயே நோயின் வேகம் பன்மடங்காகலாம். 2008-ஆம் ஆண்டில் நம் ஜொகூரில் நிகழ்ந்தது இதனோடு நெருங்கிய உறவுடையது.

ஜொகூர் கண்ட எழுத்துப் பிழை

சிக்குன்குனியாக் காய்ச்சல் 1952-53-இல் இன்றைய தான்சானியாவில் முதன்முதல் இனங்காணப்பட்டது. மூட்டு வலியால் உடம்பு வளைந்து போவதைக் குறிக்கும் அந்நாட்டு மக்களின் சொல்லே அதன் பெயர். மலேசியாவில் 1998-99-இல் போர்ட் கிள்ளானிலும், 2006-இல் பேராக் மாநிலத்துப் பாகான் பஞ்சோரிலும் அது தலைகாட்டியது. இருமுறையும் ஓரிடத்தோடு அடங்கிற்று. அவ்விரு முறையும் வந்தது ஆசியாவில் நெடுநாள் உலவிய பழைய குலத்துக் கிருமி. அதற்கு ஏற்ற கொசு, வீட்டுக்குள் வாழும் ஏடிஸ் எஜிப்தி.

எஜிப்தி நம் மண்ணின் கொசுவன்று. ஆப்பிரிக்காவில் தோன்றிக் கப்பல்களின் நீர்ப் பீப்பாய்களோடு உலகெங்கும் பரவியது. நம் மண்ணுக்கே உரியது அதன் தங்கை போன்ற ஏடிஸ் அல்போபிக்டஸ்; 'ஆசியப் புலிக்கொசு' என்பர். கரிய முதுகின் நடுவே ஒரே வெள்ளைக் கோடு ஓடும். மரப்பொந்து, மூங்கில் துண்டு, தேங்காய்ச் சிரட்டை, பால் மங்கு ஆகியவற்றில் நிற்கும் மழைநீர் அதற்குப் போதும். தோட்டத்தில் காலையில் நம்மைக் கடிப்பது பெரும்பாலும் இதுவே. டிங்கியைக் கடத்தவும் இதற்குத் தகுதி உண்டு. ஆயினும் வெளியில் வாழ்ந்து பிற உயிர்களையும் கடிப்பதால், டிங்கியில் இதனை இரண்டாம் இடத்தில் வைத்தே பேசிவந்தனர். சிக்குன்குனியாவிலும் இதனை எவரும் பெரிதாக அஞ்சவில்லை.

2005-06-இல் இந்துமாக்கடலில் உள்ள ரெயூனியன் தீவில் சிக்குன்குனியா மூண்டது. நம்மவர் பலரின் வழித்தோன்றல்கள் வாழும் தீவு அது. மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நோயுற்றனர். அங்கே எஜிப்தி அரிது. எங்கும் நிறைந்திருப்பது புலிக்கொசு. ஆராய்ந்தபோது வியப்பான செய்தி வெளிப்பட்டது. கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனின் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்திருந்தது. ஏறத்தாழ 11,800 எழுத்துகளால் ஆன கிருமியின் சுவடியில் ஓரெழுத்து மாறியதன் விளைவு அது. அம்மாற்றத்தால் புலிக்கொசுவின் குடல் வாசலைக் கடக்கும் ஆற்றல் கிருமிக்குப் பல மடங்கு கூடியது. எஜிப்தியில் அத்தகைய ஆதாயம் இல்லை. ரெயூனியன் புலிக்கொசுக்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வில், இரத்தம் குடித்த இரண்டாம் நாளிலேயே எச்சிலில் கிருமி காணப்பட்டது.

அடுத்து 2007-இல் கேரளத்தில் அதே மாற்றம் தோன்றியது. ரெயூனியனிலிருந்து போனதன்று, தனியே தோன்றியது. அங்கும் புலிக்கொசு, அங்கும் இரப்பர்த் தோட்டம், அங்கும் மழைநீர் நிறைந்த பால் சிரட்டைகள்!

இனி நம் வாசலுக்கு வருவோம். 2008 ஜனவரியில் சிங்கப்பூரில், நம்மவர் தேக்கா என்றழைக்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், உள்ளூரிலேயே சிக்குன்குனியா தொற்றியது. அது மாற்றமடையாத கிருமி. பதின்மூன்று பேரோடு அடக்கிவிட்டனர். அவ்வாண்டிலேயே ஜொகூரில் மூண்டதோ 226-ஆம் இடத்தில் மாற்றம் பெற்ற கிருமி. அது ஜொகூர் பாருவோடு நிற்கவில்லை. மாநிலத்தைக் கடந்து நாடெங்கும் சென்றது. நகர்களைவிட நாட்டுப்புறங்களை மிகுதியாகப் பற்றியது. 2008 முதல் 2010 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலும், நகர மையத்துக்கு வெளியே மரஞ்செடி மிகுந்த பகுதிகளில் அதே மாறிய கிருமி பரவியது. ஒரே ஆண்டு, ஒரே வெப்பம், ஒரே கொசுக்கள். ஓரெழுத்து வேறுபட்டது; ஒன்று ஒரு தெருவோடு அடங்கிற்று, மற்றொன்று ஒரு நாட்டைச் சுற்றி வந்தது. தடுப்புப் பணியின் விரைவும் இதில் ஓரளவு துணை நின்றது எனினும், கொசு மாறிய கதையை மறுக்க முடியாது.

பழைய ஆசியக் குலத்துக் கிருமி ஏன் அத்தனை ஆண்டுகளாக இப்படி மாறவில்லை என்ற கேள்விக்கும் பின்னர் விடை கிடைத்தது. அதே புரதத்தின் 98-ஆம் இடத்தில் அக்குலத்துக்கு வேறொரு கூறு அமைந்திருக்கிறது. அஃது இருக்கும்வரை 226-ஆம் இடத்து மாற்றம் வந்தாலும் பயன் தராது. பல்லாண்டு நம்மைக் காத்தது நம் துப்புரவன்று. கிருமியின் உடலில் இருந்த ஒரு தடை. தடையற்ற குலம் வந்து சேர்ந்ததும் வாசல் திறந்துவிட்டது.

அந்நாளில் நான் வேறொரு தோட்டத்துப் பள்ளியில் இளைய ஆசிரியன். அங்கே ஒரு மூதாட்டி. நாற்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். காய்ச்சல் நான்கு நாளில் விட்டது. விரல்கள் மட்டும் மடங்கவில்லை. பல மாதம் கத்தியைப் பிடிக்க முடியாமல், நிரையின் ஓரத்தில் உட்கார்ந்து மருமகள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஐயா, சாக்கடையெல்லாம் நாங்க சுத்தமாத்தானே வெச்சிருக்கோம்?" என்று என்னைக் கேட்டார். உண்மையிலேயே அந்த லயத்து அல்லூர் சுத்தமாகத்தான் இருந்தது. அவர் வெட்டிய மரங்களில் தொங்கிய மங்குகளைப் பற்றி அவருக்கு எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

கொசு குற்றமற்றதாய் நின்ற வழக்கு

கொசுவைக் குறைத்து மதித்தது ஒரு பிழையென்றால், கொசுவின்மேல் பழி போட்டு ஏமாந்தது மற்றொரு பிழை. 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தோன்றியது. பின்பு நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. பன்றியும் கொசுவும் உள்ள இடத்தில் மூளைக்காய்ச்சல் என்றதும், வயல்நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோய் அடங்கவில்லை.

கவனித்துப் பார்த்தால் பொருந்தாத குறிகள் பல இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் சிறுவரை மிகுதியாகத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆடவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் நோயுற்றனர். பன்றிகளும் இருமி இருமி நோயுற்றன. கொசு வீட்டில் உள்ள எல்லாரையும் கடிக்குமே; பண்ணைக்குப் போகாதவர்கள் ஏன் பெரும்பாலும் தப்பினர்? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அது பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் தொற்றியது. கொசுவுக்கு அதில் பங்கில்லை. சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயரால் நிப்பா என்று பெயரிட்டனர். மலேசியாவில் நோயுற்றோர் ஏறத்தாழ 265, இறந்தோர் 105.

அன்று உழைத்தவர்களைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. புதிய நோயின் முன் எவரும் தடுமாறுவர். நான் சுட்டுவது நம் எல்லாருடைய மனப்பழக்கத்தை. 'வெப்பநாட்டு நோய், எனவே கொசு' என்று முடிவை முன்னே வைத்துக்கொண்டு, காரணத்தைப் பின்னே தேடும் பழக்கம் அது.

அச்சமும் மடமையும்

இவ்விரு பிழைகளிலிருந்தும் இரண்டு மனநிலைகள் பிறக்கின்றன. ஒருசாரார், எந்த நாட்டில் எந்தக் காய்ச்சல் என்றாலும், நாளை நம் கொசு அதை இங்கே பரப்பிவிடும் என்று நடுங்குகின்றனர். மற்றொருசாரார், இத்தனை ஆண்டு வராதது இனியா வரப்போகிறது என்கின்றனர்.

மஞ்சட்காய்ச்சலைப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் அதைப் பரப்பும் எஜிப்திக் கொசு நம் குளியலறையிலும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஆசிய எஜிப்தியும் அதைக் கடத்தக்கூடும் என்று கண்டிருக்கின்றனர். எனினும் அந்நோய் ஆசியாவில் வேரூன்றியதில்லை. 2016-இல் அங்கோலாவிலிருந்து நோயோடு பதினொருவர் சீனா திரும்பியபோதும் உள்ளூரில் பரவவில்லை. இதற்கு முழு விடையை அறிஞர்கள் இன்னும் தேடுகிறார்கள். ஆகவே கொசு இருப்பதனால் மட்டும் நோய் வந்துவிடாது. ஆயினும் அதை நம்பி உறங்கவும் கூடாது. நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் தடுப்பூசிச் சான்று கேட்பது அதனால்தான்.

ஜிகாவைப் பாருங்கள். 1947-இல் உகாண்டாக் காட்டில் ஒரு குரங்கிடம் கண்ட அக்கிருமியை, 1966-இல் பகாங் மாநிலத்துப் பெந்தோங்கில் பிடித்த எஜிப்திக் கொசுக்களிலிருந்தே பிரித்தெடுத்தனர். அரை நூற்றாண்டு அதைப் பற்றி நாம் பேசவேயில்லை. 2016-இல் சிங்கப்பூரில் நூற்றுக்கணக்கானோருக்கு வந்து, ஜொகூர் பாருவிலும் உறுதியானபோது, ஏதோ நேற்று வானத்திலிருந்து விழுந்தது போலத் திகைத்தோம். தகுதியுடைய கொசு நம் வீட்டிலேயே இருந்தது, நாம்தாம் கேட்கவில்லை.

தகுதி கூடுவது போலவே குறையவும் கூடும். வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா பல பூச்சிகளின் உடம்பில் இயல்பாக வாழ்வது. எஜிப்தியிடம் மட்டும் இல்லை. அதைப் புகுத்திய எஜிப்தியின் உடம்பில் டிங்கிக் கிருமி நன்கு பெருக மாட்டாது. சிலாங்கூரில் 2017 முதல் அவ்வாறான கொசுக்களை வெளியிட்டுப் பார்த்ததில், அவ்விடங்களில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அங்கே பயன்பட்ட வோல்பாக்கியா வகை, புலிக்கொசுவிடமிருந்து பெறப்பட்டது! கொசுவைக் கொன்றே தீர வேண்டும் என்பதைத் தவிர வேறு வழி அறியாத நம் பாடத்துக்கு இது பெரிய வியப்பாகவே இருக்கும்.

புகையும் பழியும்

'புகை அடித்தார்களா?' என்பதே காய்ச்சல் வந்ததும் நாம் கேட்கும் முதற்கேள்வி. புகை, அந்நேரம் பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்லும். நோய் மூண்ட இடத்தில் அதற்குப் பயன் உண்டு. ஆயின் மங்கில் நெளியும் புழுவை அது தொடாது. தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் ஏடிஸ் முட்டை, நீரின்றிப் பல மாதம் உலர்ந்து கிடந்து, மழை பட்டதும் பொரிக்கும். அலமாரிக்குப் பின்னும் தொங்கும் துணிகளுக்கிடையிலும் ஒளியும் எஜிப்தியிடம் தெருப்புகை எளிதில் போய்ச் சேராது. நாம் சன்னலை வேறு சாத்திக்கொள்கிறோம்! புகை கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு இரைச்சல் கேட்கிறது. அதனால் ஏதோ நடந்துவிட்டது என்ற நிறைவு பிறக்கிறது. அதுவே அதன் தீமை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 'கொசு என்றால் சாக்கடை. சாக்கடை என்றால் அசுத்தம். ஆகவே நோயுற்றவன் அசுத்தன்' என்னும் முடிவு. தோட்டத்து மக்கள் இப்பழியை நெடுங்காலம் சுமந்து வந்திருக்கிறார்கள். ஒருமுறை கூட்டமொன்றில், 'லயத்து ஆட்கள் சுத்தமாக இருந்தால் இந்நோய் வருமா?' என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். ஏடிஸ் நாடுவது பெரும்பாலும் தெளிந்த நீரை. பூச்சாடித் தட்டும், குளிர்ப்பெட்டியின் பின்தட்டும், ஆள் குடியில்லாத மாளிகையின் கூரை வாய்க்காலும் அதற்கு ஏற்றவையே. அன்று எனக்கு இவ்விடை தெரியவில்லை; தலை குனிந்து நின்றேன். பிழையான அறிவு பழி சுமத்தவும் கருவியாகும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எதிர்வாதமும் விடையும்

'பொதுமக்களுக்கு இத்தனை நுணுக்கம் எதற்கு? கொசுவை ஒழி என்று சொன்னால் போதாதா?' என்று கேட்கலாம். எளிமை வேண்டியதே, ஆயின் எளிய சொல் சரியான இடத்தைச் சுட்ட வேண்டும். சாக்கடையைப் பெருக்கிவிட்டுத் தொட்டியை மறந்தவர், வியர்வை சிந்தியும் பயன் காணமாட்டார். இரவில் வலை கட்டிக்கொண்டு பகலில் பிள்ளையைத் திறந்த கூடத்தில் உறங்க வைத்தவரும் அவ்வாறே. சாக்கடைத் துப்புரவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு நோய்களுக்காக அது வேண்டும்; மேலும் தெளிந்த நீர் தேங்கும் சிமெண்டு வடிகால்களிலும் ஏடிஸ் காணப்பட்டதுண்டு. எந்த வேலை எந்த நோய்க்கு என்று அறிந்து செய்க என்பதே என் வேண்டுகோள்.

நுணுக்கம் பிள்ளைகளுக்கு எட்டாது என்பதும் தவறு. முட்டை முதல் பறக்கும் கொசு வரை ஏழு முதல் பத்து நாள் என்றால், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டுவது ஏன் என்பதை நான்காம் ஆண்டுப் பிள்ளையே சொல்லிவிடும். வெட்டு நிறுத்திய மரத்தில் மங்கைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. காரணம் தெரிந்தால் போதும். காரணம் தெரிந்தவன்தான் நிலைமை மாறும்போது தானும் மாறுவான். 'சாக்கடைக் கொசு' என்று மனப்பாடம் செய்தவனுக்கு 2008 ஒரு புதிர். 'எந்தக் கொசு, எந்தக் கிருமி, எத்தனை நாள்' என்று கேட்கப் பழகியவனுக்கு அது ஒரு பாடம்.

இவ்வாண்டு அக்கட்டுரைத் தலைப்பை மாற்றிவிட்டேன். 'உன் வீட்டைச் சுற்றி நீர் நிற்கும் இடங்களைக் கண்டு, எண்ணி, அங்கே என்ன வளர்கிறது என்று எழுதுக' என்பது புதிய தலைப்பு. முதற்கட்டுரை ஓர் ஐந்தாம் ஆண்டு மாணவியுடையது. தன் வீட்டைச் சுற்றி பதினேழு இடம் கண்டிருந்தாள். அவற்றுள் ஆறில் புழு. கடைசி வரியில், பதினெட்டாவது இடம் பள்ளித் தோட்டத்தில் தலைமையாசிரியர் அறைச் சன்னலுக்குக் கீழே உள்ள பூச்சாடி என்று எழுதியிருந்தாள். போய்ப் பார்த்தேன். நீர் தெளிவாக இருந்தது, புழுவும் இருந்தது. அக்கட்டுரையில் சந்திப் பிழை நான்கு. சிவப்பு மை எடுப்பதற்கு முன் சாடியைக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

நம் ஆசிரியர்களும் நூல் எழுதுவோரும் தத்தம் நோட்டிலுள்ள அந்த நான்கு வாக்கியங்களை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக.